வடக்கே ஓடும் ஆறு – 7: நாற்பத்தொன்பது அடி

சென்ற வாரம் 1997ஆம் ஆண்டின் வாசலில் நின்றோம். அதற்கு முந்தைய இலையுதிர்காலம் ரெட் நதிப் பள்ளத்தாக்கை ஈரத்தோடு விட்டுப் போயிருந்தது. அந்த ஈரம் மண்ணுக்குள்ளேயே உறைந்தது. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிப்புயல்கள். ஃபார்கோ நகரில் அந்தக் குளிர்காலத்தில் மொத்தம் 117 அங்குலம் பனி விழுந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸின் நாளிதழான ஹெரால்டு, புயல்களுக்கு அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே வந்தது: ஆண்டி, பெட்டி, கிறிஸ்டோபர், டோரிஸ், எல்மோ, ஃபிரான்சி, கஸ்ட். ஏழாவது புயல் ஓய்ந்ததும் இனி இல்லை என்று ஊர் மூச்சுவிட்டது.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் வட டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் எல்லையாக ஓடும் ரெட் நதி, தெற்கே பிறந்து வடக்கே கனடாவுக்குள் நுழைந்து வினிபெக் ஏரியில் கலக்கிறது. வசந்தம் தெற்கில்தான் முதலில் வரும். அங்கே உருகிய தண்ணீர் வடக்கே போகும்போது, ஆறு அங்கே இன்னும் பனிக்கட்டியாகவே கிடக்கும். நிலமோ அகாசி என்னும் பழம்பெரும் பனியுக ஏரியின் அடித்தளம். மைலுக்கு ஓரடிகூடச் சரியாது. சில இடங்களில் அரையடிதான். கரை தாண்டிய தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. அது பரவும், நிற்கும், பின்னால் வருவதற்காகக் காத்திருக்கும்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போவது ஓர் எண்ணை. ஒரு நகரம் அதை நம்பிக் கரை கட்டியது.

*

பிப்ரவரியில் அந்தச் சமவெளியின் மேல் சிறிய விமானங்கள் மிகத் தாழ்வாகப் பறக்கும். பனிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளப்பதுதான் அவற்றின் வேலை.

மண்ணில் இயல்பாகவே மெல்லிய கதிரியக்கம் உண்டு. மேலே பனி படிந்தால், அதிலுள்ள தண்ணீர் காமாக் கதிர்களை உறிஞ்சிவிடும். பனி விழுமுன் ஒருமுறை பறந்து பதிந்து வைத்த அளவோடு, பனி விழுந்தபின் கிடைக்கும் அளவை ஒப்பிட்டால், இடையில் மறைந்த கதிர் எவ்வளவோ அந்த அளவுக்குப் பனியில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். வயலில் இறங்காமல், ஒரு குழிகூடத் தோண்டாமல், நூற்றுக்கணக்கான மைல் நிலத்தின் நீர்க்கணக்கை இப்படி எடுத்துவிடலாம்.

அந்தக் கணக்கு மினசோட்டாவின் சான்ஹாசனில் உள்ள ஆற்று முன்னறிவிப்பு மையத்துக்கு வந்தது. தேசிய வானிலைச் சேவையின் நீரியலாளர்கள் அதனுடன் மண்ணின் ஈரம், உறைபனியின் ஆழம், வரக்கூடிய வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்தார்கள். பிப்ரவரி முடிவில் இரண்டு எண்கள் வெளியாயின. இனி மழையோ பனியோ விழாவிட்டால் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆறு 47.5 அடிவரை எழும். வழக்கமான அளவு விழுந்தால் 49 அடி.

இங்கே அடி என்பது ஆற்றின் ஆழம் அல்ல. ஊரின் அளவீட்டு நிலையத்தில் ஒரு நிலையான புள்ளியிலிருந்து எண்ணப்படும் நீர்மட்டம். அந்த ஊரில் 28 அடி வந்தாலே வெள்ளம் என்று அறிவிப்பார்கள்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ஆற்று முன்னறிவிப்பின் பலவீனம் முழுவதும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பனி உருகினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது ஒரு கேள்வி. நொடிக்கு இத்தனை கன அடி என்று அதற்கு விடை கிடைக்கும். ஆனால் கரையோரத்தில் வீடு வைத்திருப்பவருக்குக் கன அடியால் பயனில்லை. தண்ணீர் எத்தனை அடி உயரத்துக்கு வரும் என்பதே அவர் கேள்வி. முதல் விடையிலிருந்து இரண்டாவதற்குப் போக ஒரு பாலம் வேண்டும்.

அந்தப் பாலத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டுகிறார்கள். ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று, கனமான குண்டு கட்டிய கருவியை நீருக்குள் இறக்கி, பல இடங்களில் பல ஆழங்களில் வேகத்தை அளப்பார்கள். வேகத்தையும் ஆற்றின் குறுக்குப் பரப்பையும் பெருக்கினால் ஓட்டத்தின் அளவு கிடைக்கும். அந்த நேரத்து நீர்மட்டத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்வார்கள். வறட்சியில் ஒரு புள்ளி, மழையில் ஒரு புள்ளி, வெள்ளத்தில் ஒரு புள்ளி. இப்படிச் சேர்ந்த புள்ளிகளை இணைத்தால் ஒரு வளைகோடு உருவாகும். அதன்பின் இத்தனை கன அடி வந்தால் இத்தனை அடி எழும் என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கோட்டில் புள்ளி இருக்கும் வரைக்கும்தான் இது செல்லும். கிராண்ட் ஃபோர்க்ஸில் 1882 முதல் ஆற்றுப் பதிவு உண்டு. 1897 வெள்ளம் 50.2 அடி. அண்மைக்கால வெள்ளங்களில் பெரியது 1979ல் வந்தது: 48.8 அடி, நொடிக்குச் சுமார் 82,000 கன அடி. அண்மைக்காலத்தில் அதற்குமேல் கருவியை இறக்கி அளந்தவர் எவரும் இல்லை, ஏனென்றால் 1897க்குப் பிறகு அவ்வளவு தண்ணீர் வந்ததே இல்லை. அந்த இடத்திலிருந்து கோட்டைக் கையால் நீட்டித்தான் ஆக வேண்டும்.

ரெட் நதியோ நீட்டிய கோட்டுக்குக் கட்டுப்படும் ஆறு அல்ல. சரிவு மிகக் குறைவாக இருப்பதால், ஒரே அளவு தண்ணீர் ஏறும்போது ஒரு மட்டத்தையும் இறங்கும்போது வேறு மட்டத்தையும் காட்டும். ஊருக்குள் இருக்கும் பாலங்கள் பெருவெள்ளத்தைத் தடுத்துப் பின்னுக்கு உயர்த்தும். போதாததற்கு, கிழக்கிலிருந்து வரும் ரெட் லேக் ஆறு சேருமிடமும் இதே ஊர்தான்.

*

முன்னறிவிப்பு ஊருக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு எண்கள் ஓர் எண்ணாகிவிட்டன. பெரியது நின்றது. 49.

1979 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஊரில் ஏராளமாக இருந்தார்கள். அன்று வந்தது 48.8. இன்று சொல்வது 49. வித்தியாசம் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். அன்று மணல் மூட்டை அடுக்கிய கைகள் இன்னும் வலுவோடு இருந்தன. அன்று தப்பினோம், இன்றும் தப்புவோம். 49 என்ற எண்ணுக்கு ஊர் கொடுத்த பொருள் இதுதான். எச்சரிக்கையாகச் சொல்லப்பட்ட எண்ணே தைரியமாக மாறிப்போனது.

நகர நிர்வாகம் சோம்பியிருக்கவில்லை. 49க்கு மேல் மூன்றடி பாதுகாப்பு வைத்து, 52 அடிக்குக் கரைகளை உயர்த்தத் தீர்மானித்தது. மேயர் பாட் ஓவன்ஸ் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேயர் அலுவலகத்திலேயே வேலை பார்த்து, முந்தைய ஆண்டுதான் அந்த நாற்காலிக்கு வந்திருந்தார். பல்கலைக்கழக மாணவர்கள், விமானப்படைத் தளத்து வீரர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள் என்று எல்லோரும் மணல் அள்ளினார்கள். ஆற்றின் மறுகரையில், மினசோட்டா பக்கத்து கிழக்கு கிராண்ட் ஃபோர்க்ஸிலும் இதே வேலை நடந்தது.

வெள்ளக் காப்பீடு எடுக்கலாம் என்று அறிவிப்புகளும் வந்தன. அரசின் காப்பீடு எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்தே செல்லும். பிப்ரவரி முடிவில் எண்ணைக் கேட்டவர்களுக்கு அதற்கு நேரம் இருந்தது. எடுத்தவர்கள் மிகச் சிலர். 52 அடிக்குக் கரை இருக்கும்போது 49 அடி வெள்ளத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

*

எட்டாவது புயல் ஏப்ரல் முதல் வாரத்தின் முடிவில் வந்தது. பெயர் ஹன்னா.

முதலில் மழையாக இறங்கியது. விழுந்த இடத்திலேயே உறைந்து மின்கம்பிகளில் பனிக்கட்டியாகப் படிந்தது. பாரம் தாங்காமல் கம்பங்கள் சரிந்தன. பிறகு காற்றும் பனியும். ஆற்றுக்கு எதிராகக் கரை உயர்த்திக்கொண்டிருந்த ஊர்கள் இருட்டில் மூழ்கின. தெற்கே வாபெட்டன், பிரெக்கன்ரிட்ஜ் இரட்டை நகரங்களில் ஏற்கெனவே வெள்ளம் புகுந்திருந்தது; அவர்கள் தண்ணீரோடும் புயலோடும் ஒரே நேரத்தில் போராடினார்கள். மினசோட்டாவின் ஏடா என்ற சிற்றூரில் வைல்ட் ரைஸ் ஆறு ஊருக்குள் வந்தது. மருத்துவமனையிலிருந்தும் முதியோர் இல்லத்திலிருந்தும் ஆட்களை அந்தப் பனிக்காற்றில்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது.

ஹன்னா கொண்டுவந்த தண்ணீர் தனி. அது செய்த இன்னொரு காரியம் தனி. குளிர் திரும்பியதால் உருகிக்கொண்டிருந்த பனி நின்றது. சில நாள் கழித்து வெயில் வந்தபோது, பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே நேரத்தில் உருகியது. தெற்கில் முதலில், வடக்கில் பிறகு என்ற அந்தச் சின்ன இடைவெளியும் கரைந்துபோனது. வயல்களை ஏரியாக்கி, சாலைகளின் மேல் ஏறி, ஓடைக்கு வெளியிலேயே தண்ணீர் வடக்கு நோக்கி நகரத் தொடங்கியது. வயலில் ஓடும் தண்ணீரை எந்த அளவீட்டு நிலையமும் எண்ணுவதில்லை.

ஏப்ரல் நடுவில் முன்னறிவிப்பு 50 அடியானது. பிறகு அதற்கும் மேல். அடுத்த சில நாட்களில் எண் ஏறிக்கொண்டே போயிற்று; ஆறு அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு புதிய எண்ணுக்கும் ஊர் மூட்டை அடுக்கியது. 52 அடிக்கென்று கட்டிய கரையின் தலைமேல் இன்னொரு வரிசை, அதன்மேல் இன்னொன்று. உறைந்து இளகிய மண்ணின்மேல் அவசரமாக ஏற்றிய பாரம் அது.

*

ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. விடியுமுன் அபாயச் சங்கு ஒலித்தது.

நகர மையத்துக்குத் தெற்கே, ஆறு வளைந்து அணைத்திருக்கும் தாழ்வான குடியிருப்பு லிங்கன் டிரைவ். முதலில் தோற்றது அதன் கரை. உள்ளே வந்த தண்ணீர் தெருவைப் பிடித்தது, பிறகு வாசற்படி, பிறகு சன்னல். மற்ற இடங்களில் கரை உடைய வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. மழைநீர்க் குழாய்கள் வழியாகவும் சாக்கடை மூடிகள் வழியாகவும் ஆறு ஊருக்குள் முளைத்தது. கரையைக் காத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தால், பின்னால் தெருவில் தண்ணீர் நின்றது.

அன்று இரவு மறுகரையில் கிழக்கு கிராண்ட் ஃபோர்க்ஸ் முழுவதும் போயிற்று. சனிக்கிழமைக்குள் இரு நகரங்களிலும் மக்களை வெளியேற்றும் வேலை ஓயாமல் நடந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டார்கள். உள்நாட்டுப் போரின்போது அட்லாண்டா காலியானதற்குப் பிறகு, அதுவரை ஓர் அமெரிக்க நகரம் இந்த அளவுக்குக் காலியாகியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஊருக்கு மேற்கே விமானப்படைத் தளத்தின் விமானக் கொட்டகைகளில் கட்டில் போட்டுப் படுத்தார்கள். பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தைப் பாதியில் முடித்துக்கொண்டது. நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் மூழ்கியது. குழாயில் தண்ணீர் நின்றது. மருத்துவமனை நோயாளிகளை வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள்.

குழாயில் தண்ணீர் நின்றது என்பதை நினைவில் வையுங்கள்.

*

சனிக்கிழமை மாலை நான்கு மணி வாக்கில் நகர மையத்தில் புகை எழுந்தது. செக்யூரிட்டி கட்டடம் எரிந்தது.

நாலுபுறமும் இடுப்பளவு தண்ணீர். தீயணைப்பு வீரர்களின் குழாயில் ஒரு சொட்டு இல்லை. தெருவோரத் தீயணைப்பு இணைப்புகள் வெள்ளத்துக்கு அடியில். அவற்றை எட்டினாலும் அழுத்தம் இல்லை. வண்டிகளை ஓட்டிவந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் புகும். முதலில் போனவர்கள் தீயை விட்டுவிட்டு, வெளியேற மறுத்துக் கட்டடங்களில் தங்கியிருந்தவர்களைப் படகில் இறக்கினார்கள். தீ தெருவைத் தாண்டிப் பக்கத்துக் கட்டடங்களுக்குப் போனது. கடைசியில் தட்டையான ராணுவ இழுவை வண்டிகளின்மேல் தீயணைப்பு வண்டிகளை ஏற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். ஹெலிகாப்டர்கள் வாளியில் தண்ணீர் கொட்டின. காட்டுத் தீக்கு மருந்து தெளிக்கும் விமானமும் நகரத்தின்மேல் வந்தது.

பதினொரு கட்டடங்கள் போயின. ஹெரால்டு அலுவலகமும் அவற்றில் ஒன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்த கோப்புகளும் படங்களும் சாம்பலாயின. ஆனால் அந்த நாளிதழ் ஒருநாள்கூட நிற்கவில்லை. வடக்கே மேன்வெல் என்னும் சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதினார்கள். செயின்ட் பால் நகரில் அச்சடித்து விமானத்தில் வரவழைத்தார்கள். முகாம்களில் இலவசமாகக் கொடுத்தார்கள். அண்டை வீட்டார் எங்கே இருக்கிறார்கள், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். மறு ஆண்டு பொதுச்சேவைக்கான புலிட்சர் விருது அதற்குக் கிடைத்தது. ஒரு நாளிதழ் எதற்காக இருக்கிறது என்று என்னைக் கேட்டால், இந்த ஏப்ரல் வாரத்து ஹெரால்டைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

ஆறு கடைசியாகத் தொட்டது 54.35 அடி. சொன்ன எண்ணைவிட ஐந்தடிக்கும் மேல். கரைக்குத் திட்டமிட்ட உயரத்தைவிட இரண்டடிக்கும் மேல்.

ஏப்ரல் 22ஆம் தேதி அதிபர் கிளின்டன் விமானப்படைத் தளத்துக்கு வந்து, வீடிழந்தவர்கள் நடுவே பேசினார். வெளியேற்றம் சரியான நேரத்தில் நடந்ததால் வெள்ளத்துக்கோ தீக்கோ நகரில் ஓர் உயிர்கூடப் பலியாகவில்லை. பாட் ஓவன்ஸுக்கு அந்தப் பெருமை என்றும் உண்டு; ஆனாலும் 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊர் அவரைத் தோற்கடித்தது.

*

தண்ணீர் வடிந்தபின் பாழான ஒரு வீட்டுச் சுவரில் யாரோ 49 அடி என்று எழுதி, பக்கத்தில் ஒரு வசைச்சொல்லையும் சேர்த்திருந்தார்கள். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. கோபம் முழுவதும் வானிலைச் சேவையின் மேல் பாய்ந்தது.

அந்தக் கோபம் பாதிதான் நியாயம் என்று நினைக்கிறேன். வளைகோட்டை நீட்டியதில் பிழை இருந்தது, உண்மை. ஆனால் கணக்குப் பிழையைவிடப் பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ரோஜர் பீல்கே என்ற ஆய்வாளர் இதை 1999ல் தெளிவாக எழுதினார். அந்த ஆற்றின் பழைய முன்னறிவிப்புகளையும் உண்மையில் வந்த மட்டங்களையும் வைத்துப் பார்த்தால், சராசரியாகப் பத்து விழுக்காடு அளவுக்குப் பிசகியிருந்தன. 49ல் பத்து விழுக்காடு என்றால் ஏறக்குறைய ஐந்தடி. அதாவது 44லிருந்து 54 வரை எதுவும் வரலாம் என்பதே அந்த முன்னறிவிப்பின் உண்மையான உள்ளடக்கம். இந்தத் தகவல் ஊருக்குச் சொல்லப்படவே இல்லை. இரண்டு எண்களைக் கேட்ட சிலர் ஒன்றைக் குறைந்தபட்சம் என்றும் மற்றதை அதிகபட்சம் என்றும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் அப்படிப்பட்டவை அல்ல.

நீரியலாளருக்கு அது தெரியும். தெரிந்தவர் சொல்லவில்லை, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. சந்தேகத்தைச் சொன்னால் ஜனங்கள் குழம்புவார்கள் என்ற பழைய நினைப்பு இரண்டு தரப்பிலும் இருந்தது.

54 என்று பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் நகரம் தப்பியிருக்குமா? கரை தாங்கியிருக்காது என்றே எனக்குப் படுகிறது. மைல் கணக்கில் நீளும் கரையை, உறைந்த மண்ணில், ஹன்னாவுக்கு நடுவில் இன்னும் பல அடி உயர்த்துவது சாமான்ய வேலையல்ல. ஆனால் குடும்பங்கள் காப்பீடு எடுத்திருக்கும். நிலவறையில் வைத்த கல்யாணப் படங்களும் பத்திரங்களும் தாத்தாவின் கடிதங்களும் மேல் மாடிக்குப் போயிருக்கும். ஒரு நகரத்தைக் காப்பதும் அதிலுள்ளவர்களின் வாழ்க்கையைக் காப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதற்கு மூட்டை தேவையில்லை, முழு உண்மை போதும்.

பின்னாளில் வானிலைச் சேவை இந்த ஆற்றுக்கு ஒற்றை எண் சொல்வதைக் கைவிட்டு, இந்த மட்டத்தைத் தாண்ட இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று அறிவிக்கத் தொடங்கியது. லிங்கன் டிரைவில் இன்று வீடுகள் இல்லை. ஆற்றுக்கே விட்டுக்கொடுத்த பசும்பரப்பின் ஒரு பகுதி அது. அந்த மறுகட்டுமானத்தைப் பற்றிப் பின்னால் ஒரு பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

*

கிராண்ட் ஃபோர்க்ஸ் எரிந்த படங்களைக் கனடாவின் வினிபெக் நகரமும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. அதே தண்ணீர் அடுத்து அங்கேதான் வர வேண்டும்.

வினிபெக்கிடம் ஒரு கேடயம் இருந்தது. 1950 வெள்ளத்தில் ஒரு லட்சம் பேர் வெளியேறிய பிறகு, மனிடோபா முதல்வர் டஃப் ராப்ளின் கேலிகளைப் பொருட்படுத்தாமல் வெட்டிய பெருங்கால்வாய் அது. 1968ல் முடிந்தது. ஆற்றை நகரத்துக்குத் தெற்கே பிரித்து, கிழக்கே சுற்றவைத்து, வடக்கே மறுபடி ஆற்றில் சேர்க்கும். டஃபின் வாய்க்கால் என்று முன்பு கிண்டலாகச் சொன்னவர்கள் இப்போது அதை நம்பித்தான் இருந்தார்கள்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் மனிடோபாவின் பொறியாளர்கள் நில மட்ட வரைபடங்களை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். கால்வாய் ஆற்றைக் கிழக்கே சுற்றவைக்கும். தெற்கே குவியும் தண்ணீர் மேற்குப் பக்கமாகப் பரவினால்? அங்கே ஒரு கரை இருந்தது. வேண்டிய நீளமும் இல்லை, உயரமும் இல்லை. அந்த மெல்லிய மேட்டைத் தாண்டிவிட்டால், தண்ணீர் லா சால் ஆற்றுக்குள் இறங்கி, கால்வாயைத் தொடாமலே நகரத்தின் கொல்லைப்புறமாக நுழைந்துவிடும்.

ஆறு வர இன்னும் சில நாட்களே இருந்தன. அந்த நாட்களுக்குள், திறந்த வயல்வெளியின் குறுக்கே மைல் கணக்கில் ஒரு புதிய கரையை அவர்களால் எழுப்பிவிட முடியுமா? எழுப்பினாலும், எந்த எண்ணை நம்பி அதன் உயரத்தைத் தீர்மானிப்பார்கள்?

(தொடரும்)